மாமாவின் ஒரு வார்த்தை

“சாம்பார்ல உப்பு கம்மி” என்று நபீசா சொன்னதும் அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த மணி கிணுங்கியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இட்லியைப் பிட்டபடியே, “வரிசையில முன்னால நின்ன யாரோ சொன்னது” என்றாள். மணி மறுபடியும் கிணுங்கியது.

“சரி, சரி. ஒபியெரோ சொன்னது. போதுமா?”

மணி அடங்கியது. சாப்பாட்டுக் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஒபியெரோவின் மணிக்கட்டுக் காப்பு லேசாகச் சூடேறியது. தன் சொல்லை யார் எடுத்துச் சொன்னார்கள் என்று தெரியாமலே அவர் பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சிரித்துவைத்தார்.

அந்த நீள மேசையில் எல்லாருடைய பேச்சும் அப்படித்தான் இருந்தது. ஒருத்தி தன் ஊரில் நல்ல மழை என்றாள். கையோடு, “தங்கச்சி சொன்னது” என்று சேர்த்துக்கொண்டாள். இன்னொருவர் ஒரு சிரிப்புத் துணுக்கைச் சொல்லிவிட்டு, அது தனக்கு எந்த வழியாக வந்தது என்று நாலு பேர் பெயரை அடுக்கினார். அதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருந்தது. “முதுகு வலிக்குது” என்றவருக்கு மட்டும் மணி கிணுங்கவில்லை. முதுகு அவருடையது.

நிலவின் தென்முனைப் பல்கலைக்கழகத்தில் இது சாப்பிட்டதும் கை கழுவுவதைப் போலச் சாதாரணம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. போன தலைமுறையில் கலவைக் காலம் என்று ஒன்று வந்துபோனது. எழுதும் எந்திரங்கள் எல்லாவற்றையும் எழுதின. ஒன்று எழுதியதை இன்னொன்று படித்துத் திருப்பி எழுதியது. கடைசியில் எதை யார் முதலில் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது. ஒரு மருந்தின் அளவைச் சொன்ன மருத்துவர் யார் என்று தேடிப் போனால், அப்படி ஒரு மருத்துவரே பிறந்திருக்கவில்லை. அதில் சூடுபட்டவர்கள்தான் நிலவில் வந்து பல்கலைக்கழகம் கட்டினார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் அதன் வேரில் ஒரு மனிதர் இருக்க வேண்டும், அவர் பெயரைச் சொல்லாமல் அதைச் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம்.

சேரும் நாளன்றே மாணவர்களின் காதுக்குப் பின்னால் மூலமணியைப் பதித்துவிடுவார்கள். இரவல் வாங்கிய கருத்து வாயில் வந்தால் அது கிணுங்கும். உரியவர் பெயரைச் சொன்னால் அடங்கும். பெயர் சொல்லப்பட்டவருக்கு நன்றிக்காப்பு. அவர் நிலவில் இருந்தாலும் பூமியில் இருந்தாலும், அவர் சொன்ன வரியை அவர் பெயரோடு யாராவது பேசும்போதும் படிக்கும்போதும் காப்பு இளஞ்சூடாகும். வெறும் அடிக்குறிப்பாகக் கிடந்த நன்றியைக் கைக்குத் தெரியும்படி செய்துவிட்டோம் என்று பல்கலைக்கழகத்துக்குப் பெருமை.

ஆய்வுக் கட்டுரைகளைச் சோதிக்க ஓர் எந்திரம் இருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தமிழ் மாணவர்கள் அதை ‘மூலவர்’ என்றார்கள். நூலகத்தின் கோடியில், வெளிச்சம் குறைந்த சின்ன அறையில் அது குடியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்களும் உண்டு.

இன்றைக்கு அந்த வாசலில் இசக்கியம்மாள் நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் அவள் தட்டில் இட்லி அப்படியே கிடந்தது.

“சாப்பிடு புள்ள” என்றாள் நபீசா. கீழக்கரைக்காரி, இசக்கியின் அறைத்தோழி. “மூலவரு என்ன, பல்லைப் புடுங்கிருவாரா? நீ எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கே.”

“கட்டுரையத் திருப்பி அனுப்பியிருக்குல்லா? சும்மாவா அனுப்பும்?”

“ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். போன வாரம் காப்பு சூடாச்சுன்னு ஜுரம்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போன ஆளுதானே நீ.”

இசக்கி சிரிக்கவில்லை. அவளுடைய கட்டுரை கதவுகளைப் பற்றியது. தென்முனையில் சூரியன் உச்சிக்கு ஏறுவதில்லை. அடிவானத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். அதன் சாய்ந்த வெயில் எந்தப் பக்கத்துக் கதவில் படுகிறதோ, அந்தப் பக்கத்துத் தரையில் கிடக்கும் தூசியில் மின்னேற்றம் உண்டாகிறது. காற்றே இல்லாத இடத்தில் தூசி தானாக எழும்பிப் பறந்து, வெளிக்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் அப்பிக்கொள்கிறது. வளையம் தேய்கிறது. உள்ளே இருக்கும் காற்று கசிகிறது. அவர்கள் இருவரும் தங்கியிருந்த அறைக்கு அடுத்த வெளிக்கதவே சில நாட்களாக அடுப்பில் கொதிக்கும் பால்போல ‘உஸ்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நபீசாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

ரப்பரை எடுத்துவிட்டு, தூசியைத் தள்ளிவிடும் மின்வளையத்தைப் போடலாம் என்பது இசக்கியின் கண்டுபிடிப்பு. கட்டுரை ஏற்கப்பட்டு, கதவுகளும் மாறினால் அவளுக்கு முதற்சொல் உரிமை கிடைக்கும். பயன்பட்ட ஒரு கருத்தை முதலில் சொன்னவர் நிலவிலேயே தங்கலாம். குடும்பத்தில் ஒருவரைப் பார்க்கக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் படிப்பு முடிந்ததும் பூமிக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். அம்மா ஆவுடையம்மாள் ஒவ்வொரு முறை பேசும்போதும், “அங்கேர்ந்து பாத்தா நம்ம பூமி எவ்ளோ பெருசுட்டி தெரியும்?” என்று கேட்பாள். “நீயே வந்து பாரு” என்று இசக்கி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

மூலவரின் அறையில் நாற்காலி கிடையாது. குரல் மட்டும் வந்தது. அது அச்சுத் தமிழில் பேசும்.

“உங்கள் ஆய்வு நன்று. ‘வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்போது தூசி வருகிறது?’ என்று முதலில் கேட்டவர் உங்கள் தாயார் என்று குறித்திருக்கிறீர்கள். அது சரி. அவருக்குக் காப்பு அனுப்பப்பட்டுவிட்டது. குறை ஒன்றுதான். முதல் பக்கத்தில், ‘நிலவில் காற்று இல்லாததால் தூசி பறக்காது என்று சிலர் கருதுவர்’ என்று எழுதியுள்ளீர்கள். சிலர் யார்?”

“பொதுவா... எல்லாரும் சொல்றதுதான்” என்றாள் இசக்கி.

அவள் காதுக்குப் பின்னால் மணி கிணுங்கியது.

“எல்லாரும் யார்?”

அவள் நகத்தைக் கடித்தாள். “ஒருத்தர்தான். பெரியவங்க. தப்பாச் சொன்னாங்கன்னு பேரோட எழுதினா நல்லாருக்காதேன்னு மரியாதைக்கு ‘சிலர்’னு போட்டேன்.”

“மரியாதை எந்த வகை மூலம்?”

அவள் அடுத்த நகத்துக்குப் போனாள்.

“பெயர் வராதவரை இந்த வாக்கியம் நிற்காது. வாக்கியம் நிற்காதவரை கட்டுரை நிற்காது” என்றது மூலவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அந்தச் சிலர், இசக்கியின் தாய்மாமன் சுடலைமுத்து. பத்தமடையில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். ஊரில் எந்த விசேஷமானாலும் அவர் அண்டாவும் குண்டாவும்தான் போகும். எந்தச் சிக்கலானாலும், “இரு, நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்” என்பார். மின்சார ஆபீஸில் ஒரு வார்த்தை, ரேஷன் கடையில் ஒரு வார்த்தை, பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை. எதுவும் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆளில்லாமல் ஓடும் பேருந்துகள் வந்த பிறகும், நிறுத்தமில்லாத இடத்தில் நின்று கையை நீட்டி, “நிக்கும், நிக்கும், நான் சொன்னா நிக்கும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

குலசேகரப்பட்டினத்து ஏவுதளத்துக்கு இசக்கியை வழியனுப்ப வந்தவரும் அவர்தான். வாசலில் நின்று அவள் பையைத் திறந்து, துணி துவைக்கும் சோப்பு அத்தனையையும் எடுத்து வெளியே வைத்தார். “நிலாவுல காத்தே கெடையாது. காத்து இல்லாத ஊர்ல தூசி எப்பிட்டி பறக்கும்? அழுக்கே ஆவாது பாத்துக்கோ.” காலியான இடத்தில் காராச்சேவுப் பொட்டலத்தைத் திணித்தார். போய்ச் சேர்ந்து தொலைபேசியில் பேசியபோதும் அதையே சொன்னார்: “நான் சொல்லுதேன் கேளு. தூசி பறக்காது.” அதைக் கேட்டுக்கொண்டிருந்த இசக்கியின் சட்டை அப்போது சாம்பல் நிறத்தில் இருந்தது. தோய்க்க சோப்பு இல்லை. அந்த எரிச்சலில்தான் அவள் கதவோரம் குனிந்து உட்கார்ந்து, இந்தத் தூசி எங்கிருந்துதான் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

மூலவரிடமிருந்து அவள் அறைக்குத் திரும்பியதும் அம்மா பேசினாள். நிலவுக்கும் பூமிக்கும் நடுவில் ஒவ்வொரு சொல்லும் போய் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அம்மா எப்போதும் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

“ஏட்டி, காப்பு வந்துட்டு. நல்லாத்தான் இருக்கு. தெருவுல எல்லாரும் வந்து தொட்டுத் தொட்டுப் பாக்காவ. ஆனா ஒங்க மாமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காவ.”

“ஏம்மா?”

“ஏனா? தாய்மாமன் பேரு இல்லாம எவனாவது பத்திரிகை அடிப்பானாங்காவ. ‘ஊருக்கெல்லாம் பாத்திரம் குடுக்கவன் நான், எங்க வீட்டுப் பத்திரிகைல எம் பேரு இல்ல’ன்னு கடையில உக்காந்து பொலம்பிக்கிட்டு இருக்காவளாம். இனிமே நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டாவளாம்.”

“அம்மா, அது கல்யாணப் பத்திரிகை இல்லம்மா. ஆராய்ச்சிக் கட்டுரை.”

“என்னமோ ஒண்ணு. காப்போட வந்த காயிதத்துல கடைசில பேரெல்லாம் வரிசையாப் போட்டிருக்குல்லா? பெறவு என்ன? ஒரு பேரு சேக்க ஒனக்கு வலிக்கா? அப்பா போனதுக்கப்புறம் நம்ம வீட்டுக்கு ஏன்னு கேக்க வார ஒரே ஆளுட்டி.”

இசக்கிக்கு அழுகை வந்தது. இங்கே ஒருவர் பெயரைக் கேட்டு வாசலை அடைக்கிறார். அங்கே ஒருவர் பெயர் இல்லையென்று வாசலை மிதிக்க மறுக்கிறார். நபீசா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே பேரைத்தானே கேக்குறாங்க. குடுத்துத் தொலையேன்” என்றாள்.

“தப்பாச் சொன்னவர்னு போடணும் நபீசா. மாமா படிச்சா உசிரை விட்டுருவாங்க.”

“படிச்சாத்தானே?”

இருந்தாலும் இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி மூலவரிடம் போனாள். மாமாவுக்கு வேறு எதற்காவது நன்றி போட முடியுமா என்று கேட்டாள். ஏவுதளம் வரை பையைச் சுமந்துவந்தார் என்றாள். அப்பா இறந்த பிறகு தன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் என்றாள். காராச்சேவு கொடுத்தார், வந்த புதிதில் ஊர் நினைப்பு வாட்டியபோது அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தேன் என்றாள்.

“காராச்சேவு எந்தக் கருத்துக்கு மூலம்?” என்று கேட்டது மூலவர்.

“எந்தக் கருத்துக்கும் இல்ல. ஆனா அது இல்லேன்னா நான் திரும்பிப் போயிருப்பேன்.”

“எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு என்னிடம் இடம் இல்லை. அவர் சொன்ன கருத்து என்று உங்கள் நினைவில் இருப்பது ஒன்றுதான்.”

ஒரு மனிதர் தனக்குச் செய்த அத்தனை நல்லதும் வெளியே நிற்க, அவர் சொன்ன ஒரே தப்பு மட்டும் உள்ளே போகிறது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்: ‘நிலவில் தூசி பறக்காது (சுடலைமுத்து, இக்கட்டுரையில் மறுக்கப்பட்டது).’

கட்டுரை ஏற்கப்பட்டது. பத்தமடைக்கு இன்னொரு காப்பு போனது.

மாமா தானாகவே பேசினார். இசக்கி தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி எடுத்தாள்.

“ஏட்டி இசக்கி! பேரு போட்டுட்டியே! நம்ம வாத்தியார் மகன் எடுத்துக் காமிச்சான். கொட்டை எழுத்துல ‘சுடலைமுத்து’ன்னு. பக்கத்துல என்னமோ சின்னதா இருந்துச்சு, அதெல்லாம் எனக்கு எதுக்கு?”

“கோவம் இல்லையே மாமா?”

“கோவமா? மொதப் பக்கத்துலயே போட்டிருக்கேங்கானே! ஒங்க அம்மா பேரு கூட மூணாம் பக்கத்துலதான். ஒங்க அப்பன் இருந்திருந்தா பாத்திருப்பான்.”

அன்றைக்கு இசக்கி இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டாள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. நிலவில் எதை எழுதினாலும் தூசியைப் பற்றி ஒரு வரி வராமல் இருக்காது; அந்த வரிக்கு ஒரு மனிதர் வேண்டும். மாணவர்கள் தேடினார்கள். எல்லாவற்றிலும் சின்னதாக, எடுத்துப் போட வசதியாக ஒரு வாக்கியம் கிடைத்தது. ஒருவன் எடுத்துப் போட்டான். அவனிடமிருந்து இன்னொருத்தி எடுத்தாள். அவளிடமிருந்து எடுத்தவர்கள் மூலக் கட்டுரையின் பக்கமே போகவில்லை. கை மாறி மாறி வந்ததில் அடைப்புக்குறிக்குள் இருந்த ‘மறுக்கப்பட்டது’ எங்கோ ஓரிடத்தில் உதிர்ந்துபோயிற்று. ‘தூசி பறக்காது (சுடலைமுத்து)’ என்பது மட்டும் நின்றது. பாடநூலிலும் ஏறியது. பத்தமடையில் மாமாவின் காப்பு ஆறவே இல்லை. பல் விளக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது என்று அவர் தெருவில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நபீசா கையில் ஓர் அறிவிப்போடு வந்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத முகம்.

“கட்டடப் பிரிவுல இருந்து பதில் வந்திருக்கு. கேளு. ‘வெளிக்கதவுகளை மாற்றக் கோரும் மாணவி இசக்கியம்மாளின் பரிந்துரை ஆராயப்பட்டது. தூசி பறக்காது என்பது அறிஞர் சுடலைமுத்து அவர்களால் நிறுவப்பட்டுப் பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளதால், கதவுகளை மாற்றத் தேவையில்லை.’”

“அறிஞரா?”

“அறிஞராம்.”

கதவு ‘உஸ்’ என்றது. நபீசா ஓர் ஈரத்துண்டை எடுத்துக் கதவிடுக்கில் திணித்தாள். இப்போதெல்லாம் இரண்டு துண்டு தேவைப்பட்டது.

இசக்கி ஓட்டமாகப் போய் மூலவர் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

“நீங்கதானே எல்லாத்தையும் சரிபாக்கிறீங்க? இது எப்படி உங்க கண்ணுல படாமப் போச்சு?”

“பட்டது. சுடலைமுத்து என்பவர் அதைச் சொன்னாரா? சொன்னார். மூலம் சரி. யார் சொன்னார் என்பதைப் பார்ப்பதே என் வேலை. சொன்னது சரிதானா என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று என்னை உண்டாக்கியவர்கள் நம்பினார்கள்.”

“என் கட்டுரையை யாராவது முழுசாப் படிச்சாங்களா?”

“நான் படித்தேன்” என்றது மூலவர். “எனக்குப் பிடித்திருந்தது.”

அந்த வார்த்தை இசக்கியைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இதைச் சரிபண்ண வழி இருக்கா?” என்று கேட்டாள்.

“மூலமானவரே தம் சொல்லைத் திருத்தலாம். திருத்தினால், அவரை எடுத்தாண்ட எல்லா இடத்திலும் அது தானாக மாறிவிடும். கதவுகளும் மாறும். ஆனால் ஒன்று. திருத்தம் பழைய தேதியிலேயே பதிவாகும். தொடக்க காலத்துப் பேராசிரியர்கள், ‘முதலில் சொன்னவன்’ என்ற பெயர் போய்விடும் என்று தவறுகளைத் திருத்திக்கொள்ளவே மறுத்தார்கள். அவர்களுக்காக ஏற்பட்ட விதி.”

இசக்கிக்கு மெதுவாக உறைத்தது. மாமா பேசிய தேதி அவள் கட்டுரைக்கு முந்தியது. “அப்போ தூசி பறக்கும்னு மொதல்ல சொன்னது...”

“அவராகிவிடுவார். மின்வளையமும் அதிலிருந்து கிளைத்ததாகவே கொள்ளப்படும்; உங்கள் கட்டுரை இரண்டாவதாகும். முதற்சொல் உரிமை உங்களுக்கு வராது.”

அவள் அறைக்கு வந்தபோது நபீசா மூன்றாவது துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். இசக்கி விஷயத்தைச் சொன்னாள். நபீசா துண்டைக் கீழே வைத்தாள்.

“வேணாம் புள்ள. துண்டு இருக்குல்ல. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?”

இசக்கி அந்தக் கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டில் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. அவள் மாமாவைக் கூப்பிட்டாள். மூலவரும் இணைப்பில் இருந்தது.

முன்பின் தெரியாதவன்கூடத் தவற்றை ஒப்புக்கொள்வான், தாய்மாமன் ஒப்புக்கொள்வாரா? அவள் நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று.

“மாமா, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது. நிலாவுல தூசி பறக்காதுன்னு சொன்னிய இல்ல, அது வந்து...”

இடைவெளி. வழக்கத்தைவிட நீளமான இடைவெளி.

“எவன் சொன்னான்?” என்றார் மாமா.

“நீங்கதான் மாமா. வழியனுப்ப வந்தன்னைக்கு. சோப்பெல்லாம் எடுத்து வெளிய வச்சிய.”

“நானா? ஏட்டி, அங்க போயி ஒனக்குப் புத்தி கித்தி கலங்கிட்டா? தூசி பறக்காதுன்னு நான் எதுக்குச் சொல்லப் போறேன்? பந்தலுக்குள்ளயே பொறந்து வளந்தவன் நான். தூசி எங்கனயும் பறக்கும். நிலாவுலயும் பறக்கும், எமலோகத்துலயும் பறக்கும். மொதல்லேர்ந்தே இதத்தான் சொல்லுதேன். எழுதிக்கோ.”

“திருத்தம் பதிவாயிற்று” என்றது மூலவர்.

நபீசா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாளே கட்டடப் பிரிவின் அறிவிப்பு வந்தது. தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்ட அறிஞர் சுடலைமுத்து அவர்களின் பெருந்தன்மையை அது பாராட்டியது. அவருடைய கண்டுபிடிப்பின்படி எல்லாக் கதவுகளும் உடனே மாற்றப்படும் என்றது. மாற்றவும் செய்தார்கள். ‘உஸ்’ நின்றது. இசக்கியின் கட்டுரை மீது ‘முன்பே சொல்லப்பட்டது’ என்று ஒரு முத்திரை விழுந்தது. பின்னாலேயே, படிப்பு முடிந்ததும் பூமிக்குத் திரும்பத் தயாராகும்படி ஓலையும் வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது இசக்கி அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

“வந்துரு மக்கா” என்றாள் அம்மா. “பூமிய இங்கேர்ந்தே பாத்துக்கிடலாம். காலுக்குக் கீழதான கெடக்கு.”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மாமா இப்போதெல்லாம் தினமும் அந்த வாசற்படியை மிதித்துக்கொண்டிருந்தார். “என்ன, பிள்ளைய வெளிய அனுப்புதானுவளா? போன இங்க குடு. இரு, நான் ஒரு வார்த்தை சொல்லுதேன்.”

“அண்ணே, சும்மா இருங்க. ஒங்க வார்த்தைக்கு ஒரு பஸ்ஸு நின்னதில்ல” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அதற்குள் மாமா தொலைபேசியைப் பிடுங்கி, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், தனக்குக் காப்பு அனுப்பிய இடத்தையே கூப்பிட்டுவிட்டார். மூலவர்தான் எடுத்தது.

“சார், வணக்கம். நான் சுடலைமுத்து பேசுதேன். பத்தமடை.”

“அறிஞர் சுடலைமுத்து அவர்களா?”

மாமா ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தார். “ஆமா” என்றார். “எங்க தங்கச்சி மவ ஒருத்தி அங்க இருக்கா. இசக்கின்னு. நல்ல பிள்ள. வம்பு தும்புக்குப் போவ மாட்டா. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க.”

எந்திரத்துக்கு இந்த வகை வாக்கியம் புதிது. அது தன் விதிகளை முழுவதும் தேடியது. நிலவுக்கு வர இயலாத மூல அறிஞர் ஒருவர், தம் சார்பில் ஆய்வைத் தொடர ஒரு கள உதவியாளரை அங்கே அமர்த்திக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

“அப்படியே செய்கிறேன்” என்றது மூலவர். சற்றுப் பொறுத்து, கேட்காமலே ஒன்றைச் சேர்த்தது: “அவருடைய கட்டுரையை நான் படித்திருக்கிறேன்.”

“படிச்சியளா? ரொம்ப சந்தோஷம்” என்றார் மாமா. “நான் இன்னும் படிக்கல.”

அடுத்த பருவத்தில் புதிய மாணவர்கள் வந்து இறங்கினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்குக் கதவுகளைப் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை இசக்கியுடையது. அவள் சட்டையில் ‘அறிஞர் சுடலைமுத்துவின் கள உதவியாளர்’ என்று பெயர்ச்சீட்டு. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஆவுடையம்மாள், அண்ணனுக்குக் கிடைத்த முதற்சொல் உரிமையில் வந்த ஒரு மாத விருந்தாளியாக, சாம்பார் வாளியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த அன்றைக்குச் சன்னல் வழியாகப் பூமியைப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா?” என்று கேட்டவள், அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் தவிர அந்தச் சன்னலை விட்டு அகலவே இல்லை.

“வெயில் சாயுற பக்கம் தூசிக்கு மின்னேற்றம் வரும்” என்று ஆரம்பித்தாள் இசக்கி. “காத்தே இல்லாட்டியும் அது எழும்பிப் பறக்கும்.”

காதுக்குப் பின்னால் மணி கிணுங்கியது. கதவோரம் குனிந்து குனிந்து அவளே கண்ணால் கண்டது அது. இருந்தாலும் கிணுங்கியது. முதல் தடவை அப்படிக் கேட்டபோது நெஞ்சில் சுருக்கென்றது. இப்போது இல்லை. பையைச் சுமந்துவந்ததற்கும், பள்ளிக்கூடத்து வாசலில் காத்துக்கிடந்ததற்கும், காராச்சேவுக்கும் நன்றி சொல்ல அந்த ஊரில் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. இது ஒன்றுதான் இருந்தது.

“எங்க மாமா சொன்னது” என்றாள், வாய் நிறையச் சிரிப்போடு. மணி அடங்கியது.

புதிய மாணவர்கள் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள்.

அதே நேரத்தில், பத்தமடைக்குச் சாலை பிரியும் விலக்கில், நிறுத்தமில்லாத ஓர் இடத்தில் நின்றிருந்த சுடலைமுத்துவின் மணிக்கட்டு வெதுவெதுவென்று சூடேறியது. தூரத்தில் பேருந்து வருவது தெரிந்தது. அவர் மார்பை நிமிர்த்தி, காப்பு போட்ட கையைச் சாலைக்கு நேராக நீட்டினார்.

“நிக்கும்” என்றார் பக்கத்தில் நின்றவரிடம். “நான் ஒரு வார்த்தை சொன்னா நிலாவுல கதவே மாறுது.”

பேருந்து அவரைத் தாண்டிப் போனது. தூசி பறந்தது.